சோலார் பேனல்: சதவீதம் இருக்கட்டும், 85 டிகிரியைத் தாங்குமா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் பேனல் தயாரிக்கும் திறன் கொண்டது. அங்கே தயாராவது காட்மியம் டெல்லுரைடு பேனல். ஆனால் ஆய்வுக்கூடங்களில் இப்போது பேச்செல்லாம் 'பெரோவ்ஸ்கைட்' பற்றித்தான். இதே நிறுவனம் 2023-ல் ஸ்வீடனின் எவோலார் என்ற பெரோவ்ஸ்கைட் நிறுவனத்தை வாங்கியது. நாளைக்கு இது நம்ம மொட்டைமாடிக்கும் வரலாம். நம்ம வெயிலைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

சிக்கல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் இருக்கிறது!

இந்த செல்களில் கண்ணாடிமேல் மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு இருக்கும். அதன்மேல் கார்பசோல் வகை மூலக்கூறுகள் கரைந்த திரவத்தைப் பூசுகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறின் ஒரு முனையிலும் பாஸ்போனிக் அமிலம் என்ற 'கொக்கி' உண்டு. அது ஆக்சைடைப் பிடித்துக்கொள்ள, மீதி பாகம் நட்ட நாற்று மாதிரி மேலே நிற்கும். யாரும் அடுக்க வேண்டாம், தானாகவே அடுக்கிக்கொள்ளும். தடிமன் சுமார் 1 நானோமீட்டர். லிதுவேனியாவின் கௌனஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையமும் சேர்ந்து வளர்த்த உத்தி இது. 2020-ல் சிலிக்கானோடு சேர்ந்த செல்லில் 29.15% திறனைக் காட்டியது.

சரி, சூடு ஏறினா என்ன ஆகும்?

எல்லா நாற்றும் ஒரே மாதிரி வேர் பிடிப்பதில்லை. சில மூலக்கூறுகள் ஆக்சைடோடு வேதிப்பிணைப்பில் இருக்கும். சிலது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் இந்த இரண்டாவது வகை இடம் நகரும், ஓரிடத்தில் குவியும். நடுவில் விழும் ஓட்டையில் பெரோவ்ஸ்கைட் நேரடியாக ஆக்சைடைத் தொட, உருவான மின்னூட்டம் வெளியே வராமலே வீணாகும். ஈரப்பதமும் சேர்ந்தால் கொக்கியின் பிடியே தளரலாம்.

சித்திரை வெயிலில் பேனல் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தர விதியில் 85 டிகிரி செல்சியஸ், 85% ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்றொரு சோதனை இருக்கிறது. கிட்டத்தட்ட 42 நாள் இடைவிடாத புழுக்கம்!

'புதிய சாதனை, 30 சதவீதம்' என்று செய்தி வந்தால் (நாங்களும்தான் போடுகிறோம்) எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் பாருங்க. பல சாதனைகள் சின்னஞ்சிறு செல்லில், ஆய்வுக்கூடக் குளுமையில் அளந்தவை. வீட்டுக்கு வாங்குறவங்க 25 வருஷ வாரண்டியை நம்பித்தான் பணம் போடுறாங்க.

தீர்வு தேடும் வேலையும் நடக்கிறது. ஒட்டாத மூலக்கூறுகளைக் கழுவி எடுப்பது, அடியில் நிக்கல் ஆக்சைடு போட்டுப் பிடிமானம் கூட்டுவது, பாஸ்போனிக் அமிலத்துக்குப் பதில் சிலேன் கொக்கி மாட்டுவது என மூன்று வழிகளிலும் முயற்சிக்கிறார்கள்.