விசா கிடைத்தால் மட்டும் போதுமா?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவனிடம் மனைவி போகிறாள். கையில் விசா இருக்கிறது. அதோடு எல்லாம் முடிந்ததா? இல்லை.

குடியேறிய 2 வாரத்துக்குள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கொடுக்கும் சீட்டும் தேவை. வீடு மாறும் ஜெர்மானியருக்கும் இதே சட்டம்தான்.

பிறகு, விசா முடியும் முன் வெளிநாட்டார் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் வேலைக்கும் போகலாம்.

மூன்று ஆண்டு

இந்த அனுமதி கணவனை நம்பி நிற்பது. இருவரும் பிரிந்தால்? அங்கே 3 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால், மனைவி தனியாகவும் தங்கலாம். 2011-ம் ஆண்டுக்கு முன்பு 2 ஆண்டே போதும். பொய்க் கல்யாணத்தைத் தடுக்க விதியை இறுக்கினார்கள்.

இந்த விதிக்குப் பயந்து அடி உதையைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. பொறுக்கத் தேவையில்லை. வீட்டுக் கொடுமைக்கு ஆளானவர் 3 ஆண்டு காத்திருக்க வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. டாக்டர் சான்றும் போலீஸ் புகாரும் அப்போது கைகொடுக்கும்.

பதிவுச் சீட்டில் உள்ள தேதி, சேர்ந்து வாழ்ந்த காலத்துக்குச் சாட்சி. பாஸ்போர்ட்டும் அந்தச் சீட்டும் கணவன் பெட்டியில் அல்ல, மனைவி கையில் இருக்கட்டும்!