வானத்திலிருந்து கல் விழ வேண்டாம்

வங்கி வேலை முடிந்து அம்பத்தூர் வீட்டுக்கு வந்தால் ராத்திரி நான் பார்ப்பது மார்வெலின் ‘வாட் இஃப்...?’ கார்ட்டூன். இந்த வயசில் கார்ட்டூனா என்று தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ‘இப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்கும் முதல் உரிமை ஒடுக்கப்பட்டவனுடையது.

2023 டிசம்பரில் வந்த ஒரு கதை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஏரியில் வானத்திலிருந்து சக்திக்கல் விழுகிறது. கஹோரி என்ற மோஹாக் பெண் அந்தச் சக்தியால் ஸ்பானியப் படையை முறியடிக்கிறாள். பேச்சு பெரும்பாலும் மோஹாக் மொழியில். தோற்கடிக்கப்பட்டவர்களின் மொழி ஜெயித்த மொழியாக ஒலித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ஒரு சண்டை. மாற்று உலகத்துக்குக் கல்தான் விழணுமா? நம்முடையது காகிதத்திலேயே இருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-இல் சென்னை மாகாண அரசு ஆணையிட்டது: தரிசு நிலம் நம் மக்களுக்கு, பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகும் நம்மவர்களுக்கே விற்கலாம். அதுதான் பஞ்சமி நிலம். அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்றைக்கு அதே ஜில்லாதான். அந்த ஆணை அப்படியே நடந்திருந்தால்? காரணை நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

கவுண்டரில் கடன் கேட்டு நம்ம ஆள் வந்தால், “பட்டா இருக்கா?” என்று நான்தான் கேட்கிறேன். அவர் தலை குனிகிறார். எனக்கும் குனிகிறது.

தொடரில் ‘வாட்சர்’ என்று ஒருவன். எல்லா உலகத்தையும் பார்ப்பான். தலையிட மாட்டேன் என்று சத்தியம் செய்தவன். முதல் பருவத்தின் முடிவில் அவனே அதை மீறுகிறான். நாமும் பார்த்தது போதும். மாணவத் தோழர்களே, ஊருக்குப் போனதும் தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். எந்த நிலம், இன்றைக்கு யார் கையில்?