ஜேபிஎல், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் இப்போ ஒரே குடும்பம்: ஸ்பீக்கர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

வீட்டு ஸ்டீரியோவுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்பவர்கள், "ரெவெலா, பவர்ஸ் அண்ட் வில்கின்ஸா?" என்று குழம்புவது வழக்கம். இப்போது இரண்டுமே சாம்சங் கையில்!

எப்படி?

ஜேபிஎல், ரெவெல் பிராண்டுகளை வைத்திருக்கும் ஹார்மனை 2017-ல் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கியது சாம்சங். அதே ஹார்மன், 2025-ல் மாசிமோவின் ஆடியோ பிரிவை 35 கோடி டாலருக்கு வாங்கியது. அதோடு பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனான், மராண்ட்ஸ் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

அப்போ எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. முதலாளி மாறியதால் கடையில் இருக்கும் மாடலின் ஒலி மாறாது. ஆனால், பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

எதைப் பார்க்கணும்?

• சென்சிட்டிவிட்டி: 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை 87 டெசிபல் ஸ்பீக்கர் தர, ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு மடங்கு வாட்ஸ் தேவை.

• அறை: சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் கூடும். சின்ன அறையில் பெரிய டவர் ஸ்பீக்கர் இரைச்சலாகவே முடியலாம்.

• ஒப்பீடு: இரண்டையும் ஒரே வால்யூமில் கேளுங்க. சத்தம் லேசாகக் கூடினாலே "இதுதான் சூப்பர்"னு காது ஏமாந்துவிடும்.

முடிந்தால் உங்க வீட்டு ஹாலில் வைத்துக் கேட்டுட்டு, அப்புறம் பணத்தைக் கட்டுங்க. கடையில் கேட்பது கடையோட அறை. நீங்க தினமும் கேட்கப்போவது உங்க அறை!