கைத்தொலைபேசி என்னும் வாயில்

இல்லறத்தின் இரகசியங்கள் இந்நாளிற் பெட்டகத்தில் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. அவை வெளிப்படும் விதமே இன்று கதைஞருக்கு நல்ல கருவாயிற்று. இத்தாலிய இயக்குநர் பாவோலோ ஜெனொவேசே 2016இல் ஆக்கிய படத்தில், விருந்துக்கு அமர்ந்த நண்பர்கள் தம் தொலைபேசிகளை மேசைமேல் வைத்து, வரும் செய்திகளை எல்லோரும் அறியச் செய்கின்றனர். விருந்தினிடையே கள்ள உறவுகள் ஒவ்வொன்றாய் வெளிப்படுகின்றன. 2022இல் வந்த 'லவ் டுடே' என்ற தமிழ்ப் படத்திற் காதலர் இருவர், பெண்ணின் தந்தை விதித்தபடி, தம் தொலைபேசிகளை மாற்றிக்கொள்கின்றனர்.

படத்திற் பார்ப்போன் விலகி நிற்கின்றான். வாசகனே கதையை நடத்தும் ஊடாட்டப் புனைவில் அவ்வாறு நிற்க இயலாது. 2017இல் பிரெஞ்சுக் கலைஞர் படைத்த 'எ நார்மல் லாஸ்ட் போன்' என்பதில், யாரோ தொலைத்த தொலைபேசி நம் கைக்கு வருகின்றது. மறைச்சொற்களை ஊகித்து, செய்திகளைப் படித்து, உரியவர் மறைத்த வாழ்வை அறிகின்றோம். அங்கு வெளிப்படுவது மணத்துரோகமன்று. எனினும், இவற்றைப் படிக்க நமக்கு என்ன உரிமை என்ற வினா நெஞ்சை உறுத்துகின்றது.

துரோகத்தைப் பாடுவது நமக்குப் புதிதன்று. பரத்தையிற் பிரிவும் அதனால் விளையும் ஊடலும் மருதத்திணைக்கு உரியவை. அங்கே தூதாக வந்த பாணனும் தோழியும் 'வாயில்கள்' எனப்பட்டனர். எதைச் சொல்வது, எதை விடுவது என அவர்கள் அறிவர். வாயில் மறுக்கவும் நேரவும் தலைவிக்கு இடமிருந்தது. கைத்தொலைபேசி என்னும் வாயிலுக்கோ இடமறிந்து பேசத் தெரியாது. முன்னும் பின்னுமற்ற ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்துவிடும்.

பருத்தித்துறைக்கு இஃது அயலார் கதையன்று. மலாயாவுக்குச் சென்றோர் கடிதத்தாற் குடும்பம் நடத்திய காலம் ஒன்றிருந்தது. 1983இன் பின், ஒருவர் வடமராட்சியிலும் மற்றவர் கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாழ நேர்ந்த இல்லறங்கள் பல. அத்தகைய தம்பதியர்க்கு இன்று கைத்தொலைபேசியே வீடு. அன்பு வளர்வதும் அங்கேதான். ஐயம் முளைப்பதும் அங்கேதான்.

சட்டமும் சான்று கேட்கின்றது. இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணவிலக்குக்கு வகுத்த காரணங்களுள் விபசாரமும் ஒன்று. குற்றத்தை நிறுவினாலன்றி விடுதலை இல்லையெனின், வருந்தும் கை துணையின் தொலைபேசியைத் தேடிச் செல்வதில் வியப்பென்ன? மனைவி அறியாமற் கணவன் பதிவுசெய்த உரையாடலையும் மணவழக்கிற் சான்றாக ஏற்கலாம் என இந்திய உச்ச நீதிமன்றம் 2025 யூலை 14இல் தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலை வந்துவிட்டதெனின், அதுவே உறவு முறிந்தமைக்கு அறிகுறி என்றும் அது கூறியது.

வஞ்சிக்கப்பட்டவர் உண்மையை அறிய வேண்டாமா? வேண்டும். ஆயினும் கேட்டு அறிவது வேறு. திருடி அறிவது வேறு. கேட்பவர் மறுமொழிக்கு இடங்கொடுக்கின்றார். திருடிப் படிப்பவரோ தாமே வழக்காடித் தாமே தீர்ப்பும் எழுதிவிடுகின்றார். மேற்சொன்ன பிரெஞ்சுப் புனைவின் முடிவு இங்கே கருதத்தக்கது. யாவற்றையும் படித்த வாசகன் இறுதியிற் செய்ய வேண்டியது ஒன்றே: அத்தொலைபேசியில் உள்ளவற்றை முற்றாக அழித்துவிடுதல். பிறர் அந்தரங்கத்தை அவர்க்கே மீட்டளித்தாலன்றி அக்கதை நிறைவுறாது.