படம் பொய், இருட்டு மெய்

சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து எமது தமக்கையாரின் மகன் வந்திருந்தான். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, வகுப்புத் தொடங்கும்வரை பொழுது போகாமல் இருப்பவன். அவனுடைய மடிக்கணினியிலே உலகத்துச் சினிமாப் படங்களெல்லாம் அடங்கிக் கிடந்தன. ஒரு நாள் மாலை, நாம் பரீட்சை விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேளையில், அவனும் 11 வயதுடைய எமது மகனும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு படத்தைப் பார்த்து முடித்தார்கள். அது அல்பிரட் ஹிச்கொக் என்பார் 1960ஆம் ஆண்டில் எடுத்த 'சைக்கோ'. அப்படத்தின் பெருமையை முன்னொரு நாள் உணவு வேளையில் விரித்துரைத்தவர் வேறு யாருமல்லர், நாமே. ஆகவே மருமகனைக் கடிந்துகொள்ள எமக்கு வாயில்லாமற் போயிற்று.

அன்றிரவு ஒன்றும் நிகழவில்லை. மறுநாள் பொழுதுபட்டபின், விளையாடிக் களைத்து வந்த மகன் துவாயுங் கையுமாகக் கிணற்றடியிலே நின்றான். எமது வீட்டுக் குளியலறை பழைய முறைப்படி கிணற்றோடு சேர்ந்தது. தகரக் கதவும் ஒரேயொரு மின்குமிழும் உடையது. "அப்பா, நான் குளிச்சு முடிக்குமட்டும் இதிலை நிற்பீங்களோ?" என்று கேட்டான்.

ஆசிரியத் தொழில் செய்வோருக்கு ஒரு பெருங்குறை உண்டு. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமற் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவர். நாமும் தொடங்கினோம். குளிக்கும் பெண் கொலையுண்ணும் அக்காட்சி திரையிலே ஓடுவது ஏறத்தாழ 45 செக்கன். அதனைப் படமாக்க 7 நாட்கள் சென்றன. கத்தி வேறு, கை வேறு, அலறும் வாய் வேறாகத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். இரத்தமென ஓடியது சொக்கலேற் பாகு. படம் கறுப்பு வெள்ளையாதலால் நிறம் காட்டிக்கொடுக்கவில்லை. கத்தி பாயும் ஓசை, முலாம்பழத்தைக் குத்திப் பெறப்பட்டது. இவற்றையெல்லாம் மகன் ஊன்றிக் கேட்டான். சொக்கலேற் என்றவுடன் சிரித்தான். மிஞ்சிய பாகை என்ன செய்தார்கள் என்றும் விசாரித்தான். இறுதியில், "சரி அப்பா, இப்ப நிற்பீங்கள்தானே?" என்றான்.

குசினி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எமது அன்னையார் தலை நிமிராமலே சொன்னார்: "தம்பி, படம் பொய்யெண்டு பிள்ளைக்குத் தெரியும். இருட்டு மெய்யெல்லோ?"

அன்னையார் இதனைத் தம் அனுபவத்திலிருந்தே சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. 'வோ கோன் தீ' என்ற இந்திப் படத்தைத் தழுவி, 1966இல் 'யார் நீ' என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. மழை பெய்யும் இரவிலே, ஆளரவமற்ற வீதியில், வெள்ளைச் சேலை உடுத்த பெண்ணொருத்தி தோன்றுவாள். படத்தின் முடிவிலே பேயுமில்லைப் பிசாசுமில்லை, எல்லாம் மனிதர் செய்த சூழ்ச்சி என்று வெளியாகிவிடும். பள்ளி மாணவியாயிருந்தபோது அதனைத் தம் சிறிய தாயாருடன் சென்று பார்த்த அன்னையார், அதன்பின் நெடுங்காலம் மழை இரவுகளிலே படலைப் பக்கம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லையாம். "முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, பிறகென்ன பயம்?" என்று கேட்டோம். "முடிவு கொட்டகையோடை நிண்டிட்டுது. மழை எங்களோடை வீட்டை வந்திட்டுது" என்றார்.

அச்சப் படங்களைப் பற்றி நாம் படித்த நூல்கள் சில. அவற்றுள் எதுவும் இதனினும் சுருக்கமாக இவ்விஷயத்தைச் சொல்லக் கண்டதில்லை. 1931ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்ரைன்' என இரு படங்கள் வெளிவந்தன. அக்காலத்தவர் அவற்றைக் கண்டு நடுங்கினர். இன்று எமது மாணவர்க்கு அவற்றைக் காட்டினால் வகுப்பறை சிரிப்பால் நிறையும். டிராகுலாப் பிரபுவின் கோட்டை திரான்சில்வேனிய மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே போகவேண்டிய தேவை எமக்கில்லை. கொட்டகையை விட்டு வெளிவரும்போது கோட்டையையும் அங்கேயே விட்டு வரலாம். குளியலறையை எங்கே விடுவது? நாள்தோறும் அதனுள் தனியே புகவேண்டும்; உடையைக் களையவேண்டும்; சவர்க்கார நுரைக்குக் கண்ணை மூடவேண்டும்; நீரின் ஓசையிலே வேறோசை கேளாது. மனிதன் இத்துணை காப்பற்று நிற்கும் வேளை வேறொன்றில்லை என்பதை ஹிச்கொக் அறிந்திருந்தார். போதாக்குறைக்குக் கதாநாயகி என்று நாம் நம்பியிருந்தவளையே படம் பாதி செல்லுமுன் கொன்றுவிட்டார். நாயகிக்கே காப்பில்லையென்றால் பார்ப்பவருக்கு ஏது?

அக்காட்சியிலே நடித்த ஜனெற் லீயின் கதை எமது பாடத்தை அடியோடு கவிழ்த்துவிடுகிறது. அந்த 7 நாட்களும் அங்கே நின்றவர் அவர். பாகையும் அறிவார், கத்தியையும் அறிவார். அவ்வாறிருந்தும், முடிந்த படத்தைப் பார்த்தபின் தாம் ஷவரில் குளிப்பதையே விட்டுவிட்டதாகப் பிற்காலத்திலே எழுதினார். வேறு வழியில்லாத இடத்திற் கதவையும் திரைச்சீலையையும் திறந்து வைத்துக்கொள்வாராம். அவருக்கே பயன்படாத விளக்கத்தை நாம் கிணற்றடியிலே நின்று 11 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

காட்டப்படாதது காட்டப்பட்டதினும் மிகுதியாக அஞ்சுவிக்கும் என்பதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. வல் லூட்டன் என்ற தயாரிப்பாளர் 1942இல் 'கேட் பீப்பிள்' என்னும் படத்தைக் குறைந்த செலவில் உருவாக்கினார். சிறுத்தையாக மாறுவாளோ என்று ஐயுறத்தக்க ஒருத்தி, மற்றொருத்தியை நியூயோர்க் நகரத்துப் பூங்காச் சுவரோரமாக இரவிலே பின்தொடர்கிறாள். இருவர் காலடி கேட்கிறது. திடீரென ஒருவர் காலடியே கேட்கிறது. முன்னே செல்பவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. அடுத்த கணம் விலங்கின் சீற்றம்போல ஓர் ஓசை. வந்து நின்றது பஸ்வண்டி! இவ்வளவே. 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் படத்தொழில் செய்வோர் இவ்வுத்தியை 'லூட்டன் பஸ்' என்றே வழங்குகின்றனர்.

1975இல் வெளிவந்த 'ஜோஸ்' படத்திலோ இக்கலை விபத்தாக வாய்த்தது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயந்திரச் சுறாவொன்றைக் கடலில் இறக்கினார். உப்புநீர் பட்டதும் அது அடிக்கடி பழுதாயிற்று. சுறாவைக் காட்ட இயலாமையால் நீரைக் காட்டினார்; நீர்மேல் மிதக்கும் பீப்பாவைக் காட்டினார். ஜோன் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களால் அதன் வரவை உணர்த்தினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியே சுறா நன்றாக வெளிப்படுகிறது. அதற்குள் கடல் முழுவதும் சுறாவாகிவிட்டது. மூலக்கதையை எழுதிய பீற்றர் பெஞ்ச்லி, சுறாவுக்குத் தாம் தேடிக்கொடுத்த கெட்ட பெயரை எண்ணி வருந்தி, பின்னாளிலே சுறாக்களைக் காப்பதற்காகப் பாடுபட்டார். ஒரு கதையின் அச்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதுவும் அளவு.

ஓசையைப் பற்றிச் சொன்னோம். 'சைக்கோ'வின் குளியற் காட்சிக்கு இசையே வேண்டாமென்றுதான் ஹிச்கொக் முதலிலே கருதினார். பேர்னாட் ஹேர்மன் நரம்புக் கருவிகளை மாத்திரம் கொண்டு அமைத்த கீச்சொலியைக் கேட்டபின் மனம் மாறினார். ஓசைக்கு ஏன் இத்துணை வலிமை? எமது மூளையினுள்ளே வாதுமைப் பருப்பின் வடிவினதாகிய அமிக்டலா என்னும் பகுதி உண்டு. ஆபத்துக்கு அறிகுறியான ஓசை அதனை இரு வழியாகச் சென்றடையும் என்று ஜோசப் லெடூ என்ற அறிஞர் எலிகளை வைத்து ஆராய்ந்து காட்டினார். ஒரு வழி குறுக்குவழி. விரைவானது, ஆனால் நுட்பமற்றது. மற்றையது மூளையின் மேற்பரப்பைச் சுற்றி வருவது, தாமதமானது, தெளிவானது. 'இது படந்தானே' என்ற அறிவு இரண்டாவது வழியால் வந்து சேருமுன் உடல் துள்ளிவிடுகிறது. அவ்வேளையிலே சுரக்கும் அதிரினலின், நடந்ததை நினைவிலே அழுத்திப் பதிக்கவும் துணைசெய்கிறது. அவ்வாறு பதிந்த அச்சம் பின்பு தணிந்தாலும் அழிந்துபோவதில்லை. அதன்மேல் வேறொரு பழக்கம் படிகிறது, அவ்வளவே.

இதனைச் சினிமா பார்த்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்திலே எமது சிறுபராயம் போர்க்காலத்திற் கழிந்தது. 2009இல் போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றபின்னும், வானிலே இரைச்சல் எழும்போது எமது கண் முதலிலே நாடுவது வளவின் மூலையை. பதுங்குகுழி இருந்த இடம் அது. இன்று அங்கே ஒரு தேசிமரம் நிற்கிறது. படம் தரும் பயத்தை அப்பயத்தோடு ஒருசேர வைத்து நிறுத்தல் தகாது. ஆயினும் இரண்டும் ஒரே வாசலால்தான் உள்ளே நுழைகின்றன.

இத்தனையும் அறிந்திருந்த நாம் மறுநாட் செய்ததைச் சொல்லவேண்டும். அவன் மீண்டும் வாசலில் நிற்கும்படி கேட்டபோது, "பெரிய பெடியன், பயப்படுறதுக்கு வெட்கமில்லையோ?" என்றோம். அதன்பின் அவன் கேட்கவில்லை. எமது உரை பலித்தது என்று மகிழ்ந்திருந்தோம். இரண்டு நாள் கழித்து இல்லாள் வந்து, பிள்ளை குளிக்கவில்லை, தண்ணீர்க் குழாயடியிலே தலையை மாத்திரம் நனைத்துக்கொண்டு வருகிறான் என்று சொன்னார். அச்சம் போகவில்லை; எம்மிடம் சொல்வதுதான் நின்றுபோயிற்று.

அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஜோன் கன்ரர் என்னும் அம்மையார் பிள்ளைகளும் அச்சப் படங்களும் என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். அவரும் கிறிஸ்ரென் ஹரிசன் என்பவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வினவப்பட்ட பல்கலைக்கழக மாணவருள் நூற்றுக்கு 90 பேர் இளவயதிலே படத்தாலோ தொலைக்காட்சியாலோ அஞ்சியதை நினைவுகூர்ந்தனர். ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்கு அதன் எச்சம் இன்னும் இருந்தது. எவ்வயதினர் எதற்கு அஞ்சுவர் என்பதிலும் அவர் கண்டது சுவையானது. 'இன்கிரெடிபிள் ஹல்க்' என்ற தொடரில் நல்லவனொருவன் பச்சை நிறப் பூதமாக மாறிப் பிறர்க்கு உதவுவான். மூத்த பிள்ளைகள் உதவி வந்ததென்று ஆறுதல் கொள்ள, குழந்தைகள் அவ்வுருவத்தைக் கண்டே அலறின. அணுகுண்டு விழுந்தபின் நேர்வதைக் காட்டிய 'த டே ஆவ்ரர்' 1983இல் ஒளிபரப்பானபோதோ, குழந்தைகள் அதிகம் கலங்கவில்லை, வளர்ந்தவர்களே கலங்கினர். குழந்தை உருவத்துக்கு அஞ்சும். அறிவு வளர வளர, நடக்கக்கூடியதற்கு அஞ்சத் தொடங்கும். குழந்தையைத் தேற்றுவதற்கு விளக்கத்தினும் மடியும் அணைப்புமே உதவும் என்பதும், விளக்கம் மூத்த பிள்ளைகளுக்கே ஓரளவு பயன்தரும் என்பதும் அவர் முடிவு.

11 வயது இரண்டுக்கும் நடுவிலே நிற்கும் வயது. விளக்கத்தை நாம் கொடுத்தாயிற்று. அன்னையார் தம் பங்குக்கு இரவிலே அவன் நெற்றியில் திருநீற்றைப் பூசி, உறக்கம் வருமட்டும் அருகிலே கிடந்து, தாம் படலைக்கு அஞ்சிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அப்பாச்சியும் பயந்தவ என்று அறிந்தது அவனுக்குப் பேராறுதலாயிற்று. நாமும் மானத்தை விட்டு, கொழும்பு விடுதியறையிலே அப்படத்தை முதன்முதலிற் பார்த்த கிழமை முழுவதும் குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்ததை ஒப்புக்கொண்டோம்.

பிறகு மாலைதோறும் குளியலறை வாசலில் நின்றோம். அவன் உள்ளேயிருந்து பாட்டுப் பாடுவான். பாட்டு நின்றால் நாம் இருமுவோம். அடுத்த கிழமை கிணற்றுக்கட்டு வரை பின்வாங்கினோம். அதற்கடுத்த கிழமை வாழைமரத்தடி. நேற்று முன்தினம், "அப்பா, நீங்கள் போங்கோ, விடைத்தாள் கிடக்குதல்லோ" என்றான். நாம் போனோம்.

ஆவணி விடுமுறைக்கு மருமகன் மீண்டும் வருகிறானாம். 'ஜோஸ்' கொண்டுவருவதாக மச்சானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று கேள்வி. அதற்கு முன்னதாக ஒரு ஞாயிறு, பிள்ளையைக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிச்சென்று ஆசை தீர நீந்தவிட்டு வரலாமென எண்ணியிருக்கிறோம்.