கம்பளத்தின் அடியில்



சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது, வீடு மந்திரிப்பதற்காகக் காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பழைய வளவு வீடொன்றின் பின்கட்டை விலைக்கு வாங்கி, செப்பனிட்டுக் குடியிருக்கும் குடும்பம் அது. மகன் பல ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர். அங்கே கண்டு பழகிய வசதி இங்கும் வேண்டும் என்னும் ஆசையால், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின்மேல், ஓர் அறை முழுவதும் சுவரோடு சுவராகக் கம்பளம் பதித்திருந்தார். அந்த அறையில்தான் அவருடைய தாயார், பிள்ளைகளின் அப்பத்தா, கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை மூக்கில் ஏறியது. நாம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆயினும் அந்த வீட்டு மருமகள் நம் முகத்தைப் படித்துவிட்டார். தாழ்வாரத்துக்கு வந்ததும் தாழ்ந்த குரலில், "அத்தைக்கு வயதாகிவிட்டது சாமி. அடக்க முடியவில்லை போலிருக்கிறது. வெயில் நாளில் அவ்வளவாகத் தெரியவில்லை. மழை பிடித்தால் அறையில் நிற்க முடிவதில்லை. கட்டிலைப் பின்புறச் சாய்ப்புக்கு மாற்றிவிடலாமா என்று பார்க்கிறோம்" என்றார்.

குரல் தாழ்ந்திருந்தாலும் கதவு திறந்திருந்தது. அப்பத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையிலிருந்த செபமாலை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

நாம் திரும்பவும் உள்ளே சென்று, ஆசீர் அளிப்பதுபோல் கட்டிலருகே நின்று, மெத்தையின்மேல் கை வைத்துப் பார்த்தோம். மெத்தை உலர்ந்திருந்தது. வாடையும் இல்லை. சன்னலோரத்தில் வயதான நாய் ஒன்று சுருண்டு கிடந்தது. மகனை அழைத்து, "இந்த மூலையில் கம்பளத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள்" என்றோம்.

தயங்கித்தான் தூக்கினார். மேலே உள்ளங்கை அகலத்துக்கு மங்கிய கறை. அதற்கு அடியில் இருந்த நுரைப்பஞ்சிலோ சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய பழுப்பு வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து. கல்லின்மேல் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. போதாததற்குச் சன்னல் வழியே வந்த மழைச் சாரலும் அங்கே தேங்கி நின்றது. யாரும் ஒன்றும் பேசவில்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது. கம்பளம் ஓர் அடுக்கு அன்று, மூன்று அடுக்கு. மேலே இழை, நடுவே முதுகுத் துணி, அடியில் பஞ்சு. நாயோ பூனையோ சிறுநீர் கழித்தால் அது மேலே நிற்பதில்லை. இழை வழியே இறங்கி, பஞ்சில் பரவி, தரையில் படிகிறது. நாம் மேலே துணி போட்டுத் துடைப்பது, கிணற்றின் வாய்க்கல்லைத் துடைத்துவிட்டுக் கிணறு வற்றிவிட்டது என்று நினைப்பதற்குச் சமம். அடியில் தங்கியதைக் கிருமிகள் உடைக்கின்றன. சிறுநீரிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. காய்ந்தபின் எஞ்சும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால்தான் கோடையில் அடங்கியிருந்த வாடை ஐப்பசி, கார்த்திகையில் எழுந்து வருகிறது. பூனையின் சிறுநீரில் கந்தகம் கலந்த பொருள்களும் உண்டாதலால் அதன் நெடி இன்னும் கடுமையானது.

அப்படியானால் பரிகாரம் என்ன? துடைப்பதன்று, உறிஞ்சி எடுப்பது.

1901-ஆம் ஆண்டில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கண்டார். ஊதுவதைவிட உறிஞ்சுவதே முறை என்று அவருக்குத் தோன்றியது. கைக்குட்டையை இருக்கையின்மேல் வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். துணியில் அழுக்கு ஒட்டியது. அந்தச் சிறு சோதனையிலிருந்து குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லும் பெரிய இயந்திரம் பிறந்தது. 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளத்தை அந்த இயந்திரமே சுத்தம் செய்தது.

இன்று ஈரத்தையும் உறிஞ்சும் இயந்திரங்கள் உள்ளன. வீட்டில் தூசி எடுக்கும் சாதாரண வேக்குவம் கிளீனரை ஈரத்தில் வைக்கலாகாது. இயந்திரம் கெடுவதோடு மின்சாரமும் தாக்கக்கூடும். ஈரத்துக்கென்றே செய்யப்பட்டதைத்தான் பயன்படுத்த வேண்டும். தொழில் முறையில் சுத்தம் செய்வோரிடம் இரண்டு வகைக் கருவிகளைக் காணலாம். ஒன்று, தண்ணீரைப் பீய்ச்சி, அந்த நொடியிலேயே அழுக்கோடு திரும்ப இழுத்துக்கொள்ளும் நீண்ட குழல். மற்றொன்று, அடியில் துளைகள் உள்ள தட்டையான பலகை. கம்பளத்தின்மேல் அதை வைத்து, ஆள் ஏறி நிற்க வேண்டும். உடலின் பாரம் பஞ்சை அழுத்த, இயந்திரம் அதன் ஆழத்திலிருந்து நீரை இழுக்கிறது. பிழிவதும் உறிஞ்சுவதும் ஒருங்கே நடைபெறுகின்றன.

"மின்விசிறியைப் போட்டுவிட்டால் காயாதா?" என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடம் நீருக்குச் சுமார் 10 யூனிட். அந்த ஆவியும் அறையிலேயே நின்று சுவரில் ஏறும். அதே நீரை இயந்திரம் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும். முதலில் உறிஞ்ச வேண்டும், பிறகுதான் உலர்த்த வேண்டும். நனைந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிடில் பூஞ்சைக் காளான் பிடிக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது தீங்கு.

இயந்திரம் இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஈரம் புதிதாக இருக்கும்போதே பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் கறை பரவும், இழையும் கெடும். துணி நனைந்தால் மாற்றுங்கள். பின்னர்க் குளிர்ந்த நீர் விட்டு மறுபடியும் அவ்வாறே ஒற்றியெடுங்கள். அதன்பின் என்சைம் கலந்த கரைசலை, சிறுநீர் இறங்கிய ஆழத்துக்கு அதுவும் இறங்கும்படி ஊற்றி, போத்தலில் சொல்லியுள்ள நேரம்வரை விட்டுவைத்து உறிஞ்ச வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில், பீடத்தின்முன் விரித்த கம்பளத்தைப் பூனை அசுத்தம் செய்துவிட்டது. நாமே கோவில்பிள்ளையிடம், "பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்று" என்றோம். கதவுகள் மூடியிருந்தன. சிறிது நேரத்தில் அவர் இருமியபடி, கண்ணீர் வழிய வெளியே ஓடி வந்தார். சிறுநீரிலுள்ள அம்மோனியாவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சுப் புகை கிளம்பும் என்பதை அன்றுதான் அறிந்தோம். நம் அறியாமைக்கு அவருடைய நெஞ்சு இரண்டு நாள் விலை கொடுத்தது. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திச் செய்வது. புளிப்பான எதுவும் சிமெண்டை அரிக்கும். காடி, எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் ஆகியவற்றை அதன்மேல் ஊற்றலாகாது. காலடியும் தண்ணீரும் சில துளி தேங்காயெண்ணெயுமே அதற்குப் பளபளப்பு.

வெள்ளநீர் புகுந்த வீடு வேறு வகை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அதைக் கண்டோம். காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாக்கடை கலந்த நீரில் ஊறிய கம்பளப் பஞ்சையும் மெத்தையையும் எந்த இயந்திரமும் மீட்காது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு எறிந்துவிட வேண்டும். அந்த நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். ரப்பர்க் காலணியும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். அதன்பின் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் வெள்ளத்தில் நின்றதையும் சொல்லுங்கள்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். மகன் மதுரையிலிருந்து இயந்திரத்தோடு ஆட்களை வரவழைத்தார். கறுத்த நீர் வாளி வாளியாக வந்தது. ஆனால் பஞ்சின் பல இடங்கள் மீட்க முடியாதபடி இற்றுப்போயிருந்தன. இறுதியில் கம்பளத்தையே சுருட்டி வெளியேற்றிவிட்டார்கள். கல்லைக் கழுவிக் காயவிட்டபின் அடியிலிருந்த பூவேலைப்பாடு மீண்டும் தெரிந்தது. இப்போது அங்கே பவானி ஜமக்காளம் விரித்திருக்கிறார்கள். அழுக்கானால் எடுத்து உதறலாம், துவைக்கலாம், கொடியில் போடலாம். நம் மூதாதையர் பாயையும் ஜமக்காளத்தையும் விரித்துச் சுருட்டியது, கம்பளம் வாங்க வகையில்லாமல் அன்று; நம் மழையையும் வெக்கையையும் அறிந்ததனால்.

நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. வீட்டுக்குள் பழகிய நாய் திடீரென்று இடம் மாறிக் கழித்தால், அடிப்பதற்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்னொரு நாள் அப்பத்தாவுக்கு நன்மை கொடுக்கச் சென்றோம். கட்டில் சன்னலோரமாக, நல்ல வெளிச்சத்தில் இருந்தது. மருமகள் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். தனியாக இருந்த வேளையில், "நாய்தான் என்று உங்களுக்குத் தெரியாதா அம்மா?" என்று கேட்டோம்.

"தெரியும் சாமி. அவுகளோட நாய் அது. அவுக போன பிறகும் அந்த மூலையிலேதான் படுக்கும். நான் சொன்னால் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவார்கள். என்னைக் கொண்டுபோய் விட மாட்டார்கள் அல்லவா?"

நமக்கு மறுமொழி கூற வாய் வரவில்லை. சாய்ப்புக்கு மாற்றுவதாக இருந்த கட்டிலை நினைத்துக்கொண்டோம்.

அன்பர்களே, மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கறை உண்மையாகவே அப்பத்தாவினுடையதாக இருந்திருந்தால்? அப்போதும் அது குற்றமாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒரு நோய், அவ்வளவே. நம்மைத் தொட்டிலில் கிடத்தி, இரவெல்லாம் ஈரத்துணி மாற்றிய கைகள் அவருடையவை.

மழைக்காலம் வருகிறது. வீட்டில் வாடை எழுந்தால் முதலில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். யார்மேலும் பழி சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.