உபாத்தியாயருக்குப் பட்டம்

1880-ஆம் வருஷம் கும்பகோணம் கலாசாலையில் ஸ்ரீ உ. வே. சாமிநாதையர் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தபோது அவரிடம் சர்வகலாசாலைப் பட்டம் ஏதும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற கல்வியும், தியாகராச செட்டியாரின் சிபாரிசுமே இருந்தன. 1932-இல் சென்னைச் சர்வகலாசாலை தானே முன்வந்து அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

ஆகையால் பட்டமே வேண்டாமென்று சொல்லலாமா? கூடாது. எல்லோருக்கும் அப்படியொரு குரு கிடைப்பதில்லையே! பி.எட். படிப்பை 2015-இல் இரண்டு வருஷமாக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் 20 வாரம் பயிற்சி என்றும் விதித்தார்கள். விதி நல்லதுதான். ஆனால் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு அது தீர்ந்துவிட்டால் பயனென்ன? நாற்றங்காலிலேயே நிற்கும் பயிர் கதிர் விடுவதில்லை என்பது தஞ்சை ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். அந்த 20 வாரமும் திருவையாற்றிலோ மன்னார்குடியிலோ தேர்ந்த உபாத்தியாயர் ஒருவரின் அருகில் கழியட்டும். அன்று குருகுலத்தைத் தேடிப் பட்டம் வந்தது. இன்று பட்டத்துக்குள் குருகுலம் புகட்டும்!